அத்தானின் கால்

கொசுவுக்கு என்னைப் பிடிக்காது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் கொடுத்து வைத்தவன் என்கிறார்கள். நகராட்சியின் கொசுப் பிரிவில் இரவு வேலைக்குச் சேர்ந்தவனுக்கு இதைவிடப் பெரிய குறை கிடையாது.

வேலை இதுதான். காய்ச்சல் அதிகமுள்ள தெருவில், பொழுது சாய்ந்த பிறகு, ஏதாவது ஒரு வீட்டு வாசலில் இரண்டு பேர் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக் காலை நீட்டிக் காத்திருக்க வேண்டும். கொசு வந்து உட்காரும். அது ஊசியை இறக்குவதற்குள் டார்ச் அடித்து, கண்ணாடிக் குழாயை அதன்மேல் கவிழ்த்து, ரப்பர் முனையை வாயில் வைத்து ஒரே உறிஞ்சு. குழாயின் நடுவே வலைத்துணி இருப்பதால் கொசு வாய்க்குள் வராது. பிடித்ததைக் காகிதக் கோப்பைக்குள் ஊதி மூடிவிட வேண்டும். கோப்பைகள் பூச்சி அறைக்குப் போகும். எந்தத் தெருவில் எந்த வகைக் கொசு, அதன் உடம்பில் நோய் இருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள். மருந்து வண்டி அடுத்து எங்கே போவது என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். ஊரின் சுகாதாரம் யாரோ ஒருவரின் முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது.

என் ஜோடி அத்தான். அக்காவின் கணவர். என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். அவர் காலை நீட்டினால் போதும், புதுப்படம் போட்ட கொட்டகை வாசல் மாதிரி மொய்க்கும். அதே வாசலில், அதே காற்றில், ஒரு முழம் தள்ளி என் கால் கேட்பாரற்றுக் கிடக்கும்.

"என்ன மச்சான், ஒண்ணும் வரலையா?"

"வரல அத்தான்."

"சோப்பு போட்டுக் குளிச்சியா?"

"குளிச்சேன்."

"அதான். நாலு நாள் குளிக்காம வந்து பாரு."

குளிக்காமல் போனேன். வீட்டில் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். கொசுவும் அதையேதான் செய்திருக்க வேண்டும்.

பிரிவில் அவருக்குத் தேன்கால் என்று பெயர். எனக்கு மரக்கால். மேற்பார்வையாளர் காலையில் கோப்பைகளை வாங்கும்போது அவருடையதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரிப்பார். என்னுடையதைத் தூக்கிப் பார்க்காமலே அடுக்கிவிடுவார். காசு, பதவி, அழகு என்று மனிதர்கள் ஆயிரத்துக்குப் பொறாமைப்படுகிறார்கள். இன்னொருத்தர் கெண்டைக்காலைப் பார்த்து வயிறு எரிந்தவன் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு நாள் குழாயைக் கழுவி மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி வேலை உடம்புக்கு ஒத்துவரவில்லை என்று வீட்டில் சொன்னேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. யாரும் தொடாத உடம்பு.

அதன்பிறகு கிடைத்த வேலைகளைச் செய்தேன். எதிலும் நிலைக்கவில்லை. அப்போதுதான் நகராட்சியில் சுகாதாரத் துறை தொடங்கி நூறு வருடம் ஆகிறது என்று கண்டுபிடித்தார்கள். துறையின் பழைய சாமான்களை வைத்து ஒரு வரலாற்றுக் கூடம் திறப்பது என்று தீர்மானம் போட்டார்கள். சாமான்களைத் துடைத்து அடுக்கத் தினக்கூலிக்கு ஆள் வேண்டியிருந்தது. அதற்கும் அத்தான்தான் சொல்லிவிட்டார். அவர் சிபாரிசு இல்லாமல் எனக்குக் கிடைத்தது சளி மட்டும்தான்.

கூடத்துக்குப் பழைய நீராவி வீட்டை ஒதுக்கியிருந்தார்கள். நகராட்சி முற்றத்தின் கோடியில் உயரமான புகைபோக்கியோடு நிற்கும் செங்கல் கட்டடம். உள்ளே ரயில் பெட்டியின் பாதி நீளத்துக்கு ஓர் இரும்பு அடுப்பு, இரண்டு பக்கமும் கதவு. தொற்று வந்த வீட்டு மெத்தை, போர்வை, சட்டை எல்லாவற்றையும் ஒரு கதவு வழியே தள்ளி, நீராவியில் வேகவைத்து, மறு கதவு வழியே எடுப்பார்கள். அழுக்குப் பக்கத்து ஆளும் சுத்தப் பக்கத்து ஆளும் வேலை நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது. அதற்காகவே நடுவில் சுவர். அந்தச் சுவரை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அத்தானுக்கும் எனக்கும் நடுவே அப்படி ஒன்றைக் கட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுப்பைத் தவிர, தொற்று வீட்டு வாசலில் கட்டும் மஞ்சள் கொடி, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கண்ணாடி மிதவை, அம்மை ஊசிப் பெட்டி, குப்பை வண்டி மணி. அப்புறம் படங்கள். சாமான்களைவிடப் படங்கள்தான் அதிகம்.

அவற்றை மாட்டும்போதுதான் துறையின் வரலாறு எனக்குப் புரிந்தது. ஆரம்பத்தில் ஊருக்கு ஒரு குப்பை வண்டியும் ஓர் அம்மை ஊசிக்காரரும் மட்டும். பிறகு பேதி வந்து தெருத்தெருவாகச் செத்தார்கள். செத்ததில் இரண்டு மன்ற உறுப்பினர்களும் இருந்ததால் நகராட்சி உடனே ஒரு சுகாதார அதிகாரியை நியமித்தது. சாக்கடை கட்டி, குழாய்த் தண்ணீர் கொடுத்து, பேதி அடங்கியது. அடங்கிய மறுநாளே சண்டை ஆரம்பித்தது. சாக்கடையால்தான் என்றார் பொறியாளர். மருந்தால்தான் என்றார் அதிகாரி. தன் ஆட்சியால்தான் என்றார் அப்போதைய தலைவர். மூவரும் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் தலைநகரத்துக்கே பொறாமை வந்து, முழுத் துறையையும் நகராட்சியிடமிருந்து பிடுங்கி அமைச்சகத்தில் சேர்த்துக்கொண்டது. அங்கிருந்தபடி ஊர்ச் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் சில வருடம் திண்டாடிவிட்டு, ஒரு காய்ச்சல் பருவத்தில் திருப்பித் தந்தது. கோபித்துக்கொண்டு போன மருமகள் மாதிரி, பாதிச் சாமானோடு துறை வீடு திரும்பியது. யார் படம் மேலே, யார் படம் கீழே என்று இன்றைக்கும் பொறியியல் பிரிவிலிருந்து ஆள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு இந்தத் துறையைப் பிடித்துப்போனது. என் ஆட்கள்தான்.

இப்போதைய சுகாதார அதிகாரியை டாக்டரம்மா என்போம். குட்டையான, வேகமாக நடக்கிற பெண்மணி. ஒருநாள் படச்சுவர் முன்னால் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"எல்லாம் தலையாவே இருக்கு. வேலை செஞ்ச உடம்பு எங்கே?"

நான் சுத்தியலோடு ஏணியிலிருந்து இறங்கினேன்.

"கொசுப் பிரிவுல ஒருத்தர் இருக்காரே, தேன்கால்னு சொல்வாங்களே, அவர் உங்க சொந்தமா?"

"அத்தான்."

"அவர் காலை அச்சு எடுத்து வைப்போம்."

இப்படித்தான் அது நடந்தது. நகராட்சி ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டுப் போடுகிறவர் வாளியோடு வந்தார். அத்தான் அடுப்புக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நீட்டினார். தண்ணீர்ப் பேசினைப் பிடித்துக்கொண்டு நான் கீழே குந்தியிருந்தேன்.

"உடையாத காலுக்குக் கட்டுப் போடறது எனக்கு இதான் முதல் தடவை. ஆடாதீங்க சார்," என்றார் கட்டுக்காரர்.

"ஆடாம இருக்கறதுதான் சார் என் வேலையே," என்றார் அத்தான். "மச்சான், உனக்குக் கை வலிக்கலையே?"

"இல்ல அத்தான். சும்மா கணுக்காலோட முடிச்சிருக்கலாம். பாதம் எதுக்கு, பாதம் கொஞ்சம் கோணல்."

"கோணலா?"

"சுண்டுவிரல் ஒருமாதிரி இருக்கு."

அத்தான் குனிந்து தன் சுண்டுவிரலைக் கவலையோடு பார்த்தார். எனக்கு அன்றைக்கு முழுவதும் அது போதுமாக இருந்தது.

வீட்டில் போதவில்லை. அம்மா தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"மாப்பிள்ளை காலுக்கே இவ்வளவு மரியாதைன்னா முகத்துக்கு எவ்வளவு இருக்கும்!"

"முகத்தைப் பார்த்துட்டுத்தான் காலை வெச்சிருக்காங்க."

"வயித்தெரிச்சல். உன் கால் எதுக்கு ஆச்சு? கட்டில்ல நீட்டறதுக்கு."

திறப்பு விழாவன்று கூடத்துக்கு ஒரு பொறுப்பாளரை அறிவிப்பதாக இருந்தது. நிரந்தர வேலை, பகல் வேலை. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். துறைக்குள் வேலை செய்தவர்கள் மட்டும் கேட்கலாம். நான் கேட்டிருந்தேன். இந்த ஒன்று என் கைக்கு வந்துவிட்டால், காலத்துக்கும் யார் நிழலிலும் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். சாமான் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும், துருப்பிடித்தது எது, துருப்பிடித்த மாதிரி இருப்பது எது என்பது வரைக்கும்.

அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே விஷயம் முகத்தில் இருந்தது.

"நீயும் அந்த வேலையைக் கேட்டிருக்கியாமே?"

"நீயும்னா?"

"அவரும் கேட்டிருக்கார்டா. ராத்திரி வீட்ல அவரு படுத்து எவ்வளவு காலமாச்சு தெரியுமா? பிள்ளைங்க எழுந்தா அவரு தூங்கறாரு, அவரு எழுந்தா பிள்ளைங்க தூங்குது. இப்ப கண்ணும் சரியில்ல. டார்ச் வெளிச்சத்துல கொசு எது மச்சம் எதுன்னு தெரியலங்கறாரு. நீ விட்டுக் குடுத்துடேன். தனியாள்தானே நீ."

"எல்லாத்தையும் அவருக்கே குடுக்கணுமா அக்கா? கொசுவைக் குடுத்தாச்சு. அம்மாவைக் குடுத்தாச்சு. இப்ப நாற்காலியுமா?"

"பேசறான் பாரு, பேச்சு. உனக்கு இந்த வேலை வாங்கிக் குடுத்ததே அவர்தான்."

"அதான் வேண்டாங்கறேன். இதையாவது நானே வாங்கிக்கறேன்."

அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள்.

விழாவில் ஒரு செய்முறை வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா முடிவு செய்தார். வலைக்கூண்டு ஒன்றில் பூச்சி அறையில் வளர்த்த கொசுக்கள் இருக்கும். நோயில்லாதவை, பகலில் கடிக்கிற வகை. துணிக்குழல் வழியே அத்தான் காலை உள்ளே விடுவார், கொசு வந்து உட்காரும், அவர் பிடித்துக் காட்டுவார். நகராட்சித் தலைவர் பார்ப்பார், பள்ளிப் பிள்ளைகள் பார்ப்பார்கள். விழாவுக்கு முந்தின நாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னார்:

"நல்லாக் கேட்டுக்குங்க. கொசுவைப் பட்டினி போட்டாத்தான் வரும். இன்னிக்கே சர்க்கரைத் தண்ணிப் பஞ்சை எடுத்துட்டாங்க. விழா முடியற வரைக்கும் யாரும் கூண்டுக்குள்ள கையையோ காலையோ விடக்கூடாது. வயிறு நிறைஞ்சிட்டா அப்புறம் ரெண்டு மூணு நாளைக்குத் திரும்பிப் பார்க்காது."

"தெரியாதா டாக்டரம்மா," என்று சிரித்தார் அத்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட ஆள் சிரிக்கிற சிரிப்பு.

விழாவன்று காலையில் பூச்சி அறையிலிருந்து ஈரத்துணி போர்த்திய கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். கூடம் நிறைந்திருந்தது. மாவுக்கால் நடுவில் மரமேடைமேல் நின்றது. அதற்குப் பக்கத்தில் அத்தான் வலது கால்சட்டையை மட்டும் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றார். அசல், நகல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து ஆட்கள் தலையாட்டிக்கொண்டார்கள். முன்வரிசையில் அம்மா இருந்தாள். அக்கா இருந்தாள். தலைவர் ரிப்பன் வெட்டினார். அவர் படமும் ஏற்கெனவே சுவரில் ஏறியிருந்தது.

துணியை எடுத்தேன். அத்தான் காலை உள்ளே விட்டார். குழாயை வாயில் வைத்துக்கொண்டார்.

ஒன்றும் வரவில்லை.

பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். கொசுக்கள் வலையின் மேல்பக்கத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. அத்தான் காலை லேசாக அசைத்தார். அந்த மனிதர் காலை அசைத்து நான் பார்த்ததே இல்லை.

"என்ன, கொசுவுக்கு இன்னிக்கு லீவா?" என்றார் தலைவர். பின்னால் சிரித்தார்கள்.

நான் குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றின் வயிறும் மாதுளை முத்து மாதிரி சிவந்து உப்பியிருந்தது. பந்தி முடிந்து வெற்றிலை போட்டவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. அதே நேரம் டாக்டரம்மாவும் மறுபக்கம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"இதுங்க சாப்பிட்டிருக்கு," என்றார் மெதுவாக. "கூண்டை யாரு தூக்கிட்டு வந்தது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா பார்த்த பார்வையில் கேள்வியே இல்லை, முடிவுதான் இருந்தது. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வலது காலைக் கூண்டிலிருந்து உருவி, அதன் குதிகாலால் இடது கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இடது கால்சட்டை பாதம் வரை இறங்கியிருந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பழி கொஞ்ச நாள் என்மேல் கிடந்துவிட்டு மறந்துபோகும், அவர் பெயர் அப்படியே இருக்கும். அவருக்கு வேலை கிடைக்கும், எனக்கு எதுவும் கிடைக்காது. வழக்கம்போல.

"அத்தான்," என்றேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "இடது காலைக் காட்டுங்க."

"மச்சான்..."

"காட்டுங்க அத்தான்."

அவர் மெதுவாகச் சுருட்டினார். முழங்காலுக்குக் கீழே விரற்கடை இடம் பாக்கியில்லாமல் தடித்துச் சிவந்திருந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்றார் டாக்டரம்மா.

அத்தான் தலையைச் சொறிந்தார். "பயம்தான் டாக்டரம்மா. நான் பார்த்ததெல்லாம் ராத்திரிக் கொசு. இது பகல் சாதி. இதுக்கு என்னைப் பிடிக்குமோ பிடிக்காதோன்னு தூக்கமே வரல. இத்தனை பேர் முன்னாடி ஒண்ணுகூட வரலைன்னா மச்சான் மாதிரி ஆயிடுமே. விடியக்காலையில பூச்சி அறைக்குப் போய், சும்மா ஒரு நிமிஷம் வெச்சுப் பார்க்கலாம்னு, இந்தக் காலைத்தான் வெச்சேன், அந்தக் காலு விழாவுக்குன்னு. எல்லாம் வந்துருச்சு. அப்புறம் எடுக்க மனசு வரல."

மச்சான் மாதிரி ஆயிடுமே. நானே கேட்காமல் அதையும் சொல்லிவிட்டார்.

தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். கூடமே சிரித்தது. கேலியாக இல்லை, அதுதான் கொடுமை. ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு இடது காலைப் படமெடுத்தார்கள். தலைவர் அவர் தோளில் கை போட்டுத் தானும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அம்மா பக்கத்திலிருந்தவளிடம், "என் மாப்பிள்ளை, ரெண்டு காலும் தேன்," என்பது எனக்குக் கேட்டது. ஊர் முன்னால் அவர் மானத்தை வாங்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவருக்கு இன்னொரு காலுக்கும் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

"சாப்பிட்டா ஏன் கடிக்காது?" என்று ஒரு சிறுமி கேட்டாள். டாக்டரம்மா தலைவரோடு மாட்டிக்கொண்டிருந்தார். நான் பதில் சொன்னேன். கடிப்பது பெண்கொசு, முட்டைக்காகத்தான் ரத்தம், முட்டை இடுகிற வரைக்கும் அதற்கு நம்மிடம் வேலை இல்லை. அடுத்து இது என்ன, அது என்ன என்றார்கள். ஆவி அடுப்பு, நடுச்சுவர், மஞ்சள் கொடி, படச்சண்டை. பேசிக்கொண்டே கூடத்தை முழுக்கச் சுற்றிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் டாக்டரம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பொறுப்பாளரை அறிவிக்கவில்லை. மறுநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்க அத்தானுக்குக் குடுக்கறதாத்தான் இருந்தேன். எழுதியே வெச்சிருந்தேன்."

"தெரியும்."

"உள்ளே கையை விடாதேன்னா விடாம நிக்கற ஆள்தான் கூடத்துக்கு வேணும். நாளைக்குப் பிள்ளைங்க வரும், இதே கூண்டு இருக்கும். உங்ககிட்ட எதுவும் நெருங்காது. அது போதும்." பேனாவை மூடினார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். அவரைத் தனியாக் கூப்பிட்டு என்கிட்ட சொல்லச் சொல்லியிருக்கலாமே?"

"நேரமில்ல டாக்டரம்மா."

அவர் நம்பவில்லை. வேலையைக் கொடுத்தார்.

அக்கா என்னோடு பேசுவதில்லை. அம்மா பேசுகிறாள், பேசாமலிருந்தால் தேவலை. அத்தானுக்கு மட்டும் எதுவும் இல்லை. இரவு வேலை முடித்து வீட்டுக்குப் போகிற வழியில் கூடத்துக்கு வருவார். கண் சிவந்திருக்கும். பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து, "பரவால்ல மச்சான், உனக்குத்தான் இது சரி. எனக்கு விளக்கமெல்லாம் வராது," என்பார். சொல்லிக்கொண்டே தூங்கிவிடுவார். துளி எரிச்சல் இருந்தால்கூட நான் நிம்மதியாக இருப்பேன். தேடிப் பார்க்கிறேன், இல்லை.

என் வேலைகளில் முதலாவது மாவுக்காலைத் துடைப்பது. வருகிற ஒவ்வொருவரும் அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். வெள்ளை மாவு சீக்கிரம் கறுத்துவிடுகிறது. கெண்டைக்காலிலிருந்து தொடங்கி, கணுக்கால், விரலிடுக்கு என்று ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சுண்டுவிரல் கோணல்தான். நான் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை.

"இது யார் காலு?" என்று எல்லோரும் கேட்பார்கள். கேட்காதவர்களே கிடையாது.

"எங்க அத்தான் கால்," என்பேன்.

"அவரு ரொம்பப் பெரிய ஆளோ?"

"ஆமா."

கூட்டம் போனபிறகு, பெஞ்சில் அத்தான் குறட்டை விடும்போது, சில நாள் நானும் வலது கால்சட்டையைச் சுருட்டிவிட்டு அந்த மேடைக்குப் பக்கத்தில் காலை வைத்துப் பார்ப்பேன். என் கால்தான் நேராக இருக்கிறது. விரலும் ஒழுங்கு. கூண்டின் வலையில் இரண்டு மூன்று உட்கார்ந்திருக்கும், பசியோடு. ஒன்றும் என் பக்கம் திரும்பாது.